நான்கு விரல், கீழ்நோக்கி

கண்ணாடியில் கை தெரிந்தது. உள்ளங்கை தரையைப் பார்த்திருந்தது, நான்கு விரல்கள் நீண்டிருந்தன, கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தது. நாலு, கீழே. பெட்ரோலில் நாலு புள்ளி குறை என்று அர்த்தம். சாந்தாமணி பிரேக்கை ஒரு தரம் தொட்டு விட்டாள். பார்த்தேன் என்பதற்கு அதுதான் பதில். பின்னால் நிற்பவருக்குச் சிவப்பு விளக்கு எரிந்து அணையும். பதினெட்டு வருஷமாக இப்படித்தான். வண்டியை உருளைகளின் மேல் ஏற்றி, நாலு பக்கமும் பட்டை போட்டு இறுக்கி, இருந்த இடத்திலேயே ஓட விட்டால் அந்தச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. அவள் டிரைவர் சீட்டில் மடிக்கணினியோடு உட்காருவாள். அவளுடைய கணவர் திருமூர்த்தி பின்னால் போய்ச் சைலன்சர் வாயருகே தலையைச் சாய்த்து நிற்பார். அவர் கேட்பார், அவள் தட்டுவாள். உள்ளங்கை மேலே பார்த்தால் கூட்டு, கீழே பார்த்தால் குறை, விரல் எத்தனையோ அத்தனை புள்ளி, முஷ்டி மடக்கினால் நிறுத்து. இதெல்லாம் அவருடைய சைகைகள். அவளுக்கு அந்தச் சிவப்பு விளக்கு ஒன்றுதான், அதில் சரி என்று மட்டும்தான் சொல்ல முடியும். மணி பதினொன்று இருக்கும். தகரக் கூரை காய ஆரம்பித்திருந்தது. சீட் குறுகலானது, பந்தய வண்டிக்கானது, இடுப்பை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்திருந்தது. தொடைகள் மரத்துப்போய் அரை மணி நேரமாகிறது. மரத்துப்போனதே ஒரு வசதியாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் மேலே ஏறி வயிறு, நெஞ்சு என்று வந்தாலும் அவளுக்கு ஆட்சேபணை இல்லை. என்ஜின் இரண்டு தரம் அடித்து ஒரு தரம் விட்டது. தொப் தொப், ஒரு ஓட்டை. தொப் தொப், ஒரு ஓட்டை. காதுக்கவசத்தின் வழியாக அது சத்தமாக வரவில்லை, முதுகெலும்பின் வழியாகத்தான் வந்தது. அரிசியை ஊறப் போட்டோமா என்று யோசித்தாள். போட்டோம். உளுந்து? கண்ணாடியில் கை அப்படியே இருந்தது. நாலு, கீழே. அவள் எதிரில் இருந்த மீட்டர் வேறொன்று சொன்னது. பதினாறு. ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பதினாறு பங்கு காற்று. காற்று ஏகத்துக்கு அதிகம், பெட்ரோல் போதவில்லை, கூட்டு. கை குறை என்கிறது, மீட்டர் கூட்டு என்கிறது. இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்குப் பழகிவிட்டிருந்தது. கையைப் பார்த்துப் பிரேக்கைத் தொட வேண்டும், மீட்டரைப் பார்த்து விசையைத் தட்ட வேண்டும்.

மார்கழியில்தான் தெரிந்தது. தெருமுனைக் கோயிலில் விடிவதற்கு முன்பே பாட்டுப் போடுவார்கள். வருஷா வருஷம் அந்த ஒலிபெருக்கி நடுவில் கீச்சென்று கத்தும், வருஷா வருஷம் அவர் எழுந்து உட்கார்ந்து, “அந்த ஆம்ப்ளிஃபயர நானே போய்ச் சரி பண்ணிக் குடுத்துட்டு வந்தர்றேன் போ” என்பார். இந்த மார்கழியில் அது கத்தியபோது அவர் திண்டுத் தலையணையில் சாய்ந்து காபி ஆற்றிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. டம்ளரிலிருந்து டபராவுக்கு, டபராவிலிருந்து டம்ளருக்கு. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே வாரத்தில் கொச்சியிலிருந்து ஒரு வண்டி வந்தது, சாதாரண நாலு சிலிண்டர் வண்டி. வேகம் கூடக் கூட அதன் சத்தம் காய்ந்துகொண்டே போனது. பெட்ரோல் தேவைக்கு மேல் போனால் என்ஜினின் குரல் ஈரமாக இருக்கும், கனமாக, தொண்டையில் சளி கட்டினவன் பேசுவது போலப் பொளபொளக்கும். பெட்ரோல் போதாமல் போனால் குரல் ஏறும், மெலியும், புதுக் கோடித் துணியைக் கையால் கிழித்தாற்போல இருக்கும். அன்று துணி கிழிந்துகொண்டிருந்தது. கவசம் போட்டிருந்த அவளுக்கே கேட்டது. கண்ணாடியில் அவர் கை குறை என்றது. அவள் மீட்டரைப் பார்த்தாள், அதுவும் துணி பக்கமே பேசியது. விரல் விசைக்கு மேல் அந்தரத்தில் நின்றது. பிறகு அது பக்கத்து விசையைத் தட்டியது, ஒன்றுமே செய்யாத விசையை. என்ஜினின் சத்தம் ஒரு துளி மாறவில்லை. அவர் தலையை ஆட்டினார், சரியாப் போச்சு என்று. அந்தத் தலையாட்டல்தான். அதற்கப்புறம் அவளுக்குச் சந்தேகம் இல்லை. உயர்ந்த சத்தம் எதுவும் அவரை எட்டவில்லை. கிழியும் சத்தம் போய்விட்டால் மிச்சம் இருப்பது கனமான சத்தம் மட்டும்தான். ஆகவே அவர் காதுக்கு உலகத்தில் உள்ள எல்லா என்ஜினும் பெட்ரோல் குடித்து வயிறு வீங்கிக் கிடந்தது. சளி பிடித்தவர் ரசத்தில் மிளகே இல்லை என்பது போல, குறை, குறை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆவாரம்பாளையத்தில் காது மூர்த்தி என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். பெங்களூரிலிருந்து வருகிறார்கள், கொச்சியிலிருந்து வருகிறார்கள், மெஷின் பார்த்தது போதும், நீங்க ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்க என்று வருகிறார்கள். அவரிடம் போய் உங்களுக்குக் கேட்கவில்லை என்று எந்த வாயால் சொல்வது? அவள் சொல்லவில்லை. ஒன்பது வண்டிக்கு அவர் காட்டியதைத் தட்டாமல் விட்டிருக்கிறாள். முதல் வண்டிக்கு இரண்டு தரம் யோசித்தாள். மூன்றாவதற்கு யோசிக்கவில்லை. ஒன்பதாவதற்குள் ஒன்றுமே இல்லை, வெண்டைக்காய் நறுக்குவது போல ஆகிவிட்டது. தான் ஒரு பொய்க்காரி என்று அவள் சில சமயம் தனக்குள் சொல்லிப் பார்ப்பாள். வார்த்தை மட்டும் கேட்கும். குத்தாது.

ஆனால் இந்த வண்டி அந்த ஒன்பதைப் போல இல்லை. குன்னூரிலிருந்து எபினேசர் என்ற பல் டாக்டர் ஏற்றி வந்திருந்தார். ஜப்பானில் செய்தது, ரோட்டரி என்ஜின். மேலும் கீழும் போய் வருகிற பிஸ்டன் இதில் கிடையாது. நிலக்கடலை ஓட்டை நீளவாக்கில் பிளந்தால் நடுவில் இடுப்பு சிறுத்து இருக்குமே, அந்த வடிவத்தில் ஒரு இரும்பு அறை. அதற்குள் பக்கங்கள் உப்பிய முக்கோணம் ஒன்று சுற்றும். முக்கோணத்தின் மூன்று முனையிலும் தீக்குச்சிப் பருமனில் ஒரு உலோகத் துண்டு பதிந்து, அறையின் சுவரைத் தடவிக்கொண்டே போகும். சீல் என்று பேர். பெட்ரோல் குறைந்து உள்ளே சூடு ஏறினால் அந்தத் தீக்குச்சி முறியும், முறிந்த துண்டு சுவரைச் சுரண்டிக்கொண்டு போகும், அவ்வளவுதான் என்ஜின். காலையில் பட்டை கட்டும்போதே டாக்டர் வந்து அவளிடம் குனிந்து சொன்னார்: “அக்கா, என்கிட்ட வர்றவங்களுக்கு ஒரு பல்லு போச்சுன்னா நான் வேற பல்லு வச்சு அனுப்பிருவேன். இதுக்கு வேற கிடைக்காது. நாலு வருஷம் காத்துக் கிடந்து வாங்கினது. ஞாயித்துக்கிழமை மலைப் பந்தயம். என் ஒய்ஃப் சொல்றா, அது வீட்டுக்கு வந்தாத்தான் நீங்க வீட்டுக்கு வரணும்னு.” அவர் பின்பக்கம் பார்த்து, “அண்ணன் காதை நம்பித்தான் வந்திருக்கேன்” என்றார். “நம்புங்க” என்றாள் சாந்தாமணி. அந்த வார்த்தை வாயிலிருந்து வெளியே போனதை வேறு யாரோ சொன்னது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். நம்புங்க. அதில் பொய் ஒன்றும் இல்லை. எதை நம்புங்க என்று அவள் சொல்லவில்லையே. தொப் தொப், ஒரு ஓட்டை. நாலு, கீழே. பதினாறு. அவள் கூட்டுகிற விசையை நாலு தரம் தட்டினாள். ஓட்டை பெரிதாயிற்று. தொப், இரண்டு ஓட்டை. மீட்டர் பதினேழுக்கு ஏறியது. இன்னும் போதவில்லையா? மறுபடி நாலு. சீட் இடம் வலமாகக் குலுங்கியது, மடிக்கணினி நழுவியது, கண்ணாடியில் கை வேகமாக மேலும் கீழும் ஆடியது, நாலு நாலு நாலு, கீழே கீழே. மீட்டர் பதினெட்டு. அவள் கண்கள் எரிந்தன. எரிகிறது என்பதைக் கவனித்தாள், ஏன் எரிகிறது என்பதைக் கவனிக்கவில்லை. பின்னால் பட்டாசு வெடித்தாற்போல ஒன்று வெடித்து, ஆரஞ்சு நிறத்தில் ஒரு முழ நீளத்துக்குத் தீ வந்து போனது. என்ஜின் நின்றது. டாக்டர் பெஞ்சில் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

திருமூர்த்தி ஜன்னலுக்கு வந்தார். முன்கையில் மயிர் பொசுங்கியிருந்தது.

“என்ன போட்ட?”

“நீங்க சொன்னதுதானுங்க.”

“நாலு கொறைக்கச் சொன்னேன்.”

“கொறைச்சனுங்க.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். திரையைப் பார்க்கவில்லை. திரும்பி, “டாக்டர், எறங்கி வாங்க, இது கடிக்காது” என்றார்.

“எங்க ஊர்ல யானை வந்தாக்கூட இவ்வளவு வேகமா நான் ஏறினதில்லைங்க அண்ணா” என்றார் டாக்டர், இறங்காமலேயே.

ஏன் அப்படி ஆயிற்று என்று அவளுக்குப் புரிந்தது. மீட்டர் பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்ததைச் சொன்னது. சைலன்சர் குழாயில் வருகிற புகையில் பிராணவாயு எவ்வளவு என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். இந்த என்ஜினில் புகை வெளியேறும் வாய்களைப் பந்தயத்துக்காக அகலமாகக் குடைந்து வைத்திருக்கிறார்கள். மெதுவாகச் சுற்றும்போது எரிந்த புகையும் எரியாத காற்றும் உள்ளே கலந்துபோய் மூன்றில் ஒரு தரம் நெருப்பே பிடிப்பதில்லை. அதுதான் அந்த ஓட்டை. நெருப்புப் பிடிக்காதபோது பெட்ரோலும் வீணாக வெளியே வரும், காற்றும் வீணாக வெளியே வரும். மீட்டர் காற்றை மட்டும் எண்ணிக்கொண்டு அய்யோ காற்று, அய்யோ காற்று என்று கத்தும். அதை நம்பி இன்னும் பெட்ரோல் ஊற்றினால் இன்னும் நெருப்புப் பிடிக்காது, இன்னும் காற்று வரும், இன்னும் கத்தும். இது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். படித்திருக்கிறாள். ஐந்து மாதமாகக் கையை நம்பாமல் மீட்டரையே நம்பி நம்பி, மீட்டரையும் நம்பக்கூடாத இடம் ஒன்று உண்டு என்பது மறந்துவிட்டது. பெட்ரோலை அடைத்துவிட்டு என்ஜினை வெறுமனே சுற்ற விட்டு நனைந்ததையெல்லாம் வெளியே துப்ப வைத்தார்கள். டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்த பெட்ரோல். கொட்டகை முழுக்கப் பழைய ஆட்டோ நாற்றம். மறுபடி உயிர் வந்தபோது கண்ணாடியில் அதே கை, நாலு, கீழே. இந்தத் தடவை அவள் அதையே தட்டினாள். மறுபடி நாலு. தட்டினாள். ஓட்டை சிறுத்தது. தொப் தொப் தொப் தொப், ஓட்டை, தொப் தொப் தொப் தொப், ஒழுங்காக, ஒருவன் படி எண்ணி ஏறுவது போல. கை விரிந்து அசைந்தது. போதும். அவர் சரியாகச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் கேட்கிறதா? இது தற்செயலா? எல்லாவற்றுக்கும் குறை என்று சொல்கிறவருக்கு ஒரு நாள் குறைக்க வேண்டிய வண்டி வந்து நிற்கத்தானே செய்யும். இல்லை, கேட்கிறதோ என்னவோ. அந்த ஒன்பது வண்டியும்? அந்த ஒன்பதிலும் அவர் சொன்னதுதான் சரியாக இருந்து அவள்தான் கெடுத்து அனுப்பினாளா? கொச்சிக்காரர் அப்புறம் போன் செய்யவே இல்லையே. செய்யவில்லை என்றால் நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம். அல்லது வேறு ஆளிடம் போய்விட்டார் என்று அர்த்தம். காது போயிற்று என்று அவர் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. அவர் வாயால் இப்போது எதைத்தான் கேட்கிறாள்? தீபாவளியன்று, உங்க அக்கா வீட்டுக்கு இனி நான் வரமாட்டேன், நீங்களே போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க என்று சொல்லிவிட்டாள். சொன்னது தப்பில்லை, சொன்ன விதம் தப்பு. அவர் பதில் பேசவில்லை. அன்றிலிருந்து வீட்டில் பேச்சு சுருங்கிப் போயிற்று. கேட்டதற்குப் பதில் வராது, அவள் இரண்டாம் தடவை கேட்கமாட்டாள். டிவி மட்டும் பேசும். முதலில் கோபம் தணியட்டும் என்று காத்திருந்தாள், பிறகு காத்திருப்பதும் நின்றுவிட்டது. கோபத்தை மனசில் வைத்துக்கொண்டே ஒரு மனுஷன் இத்தனை மாதம் ஒரே வீட்டில் நடமாட முடியும் என்பது அவளுக்கு ஆச்சரியமாகக்கூட இல்லை. பேச்சு என்று மிச்சமிருந்தது இந்தக் கொட்டகையில், இந்தக் கண்ணாடியில், நாலு விரல். அதற்கும் ஐந்து மாதமாக அவள் பொய்ப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். தொப் தொப் தொப் தொப். கை மேலே போய் ஒரு சுழற்று சுழற்றியது. இனி வேகம்.

அவள் கியரைப் போட்டு மெதுவாக மிதித்தாள். உருளைகள் காலுக்கடியில் சுற்ற ஆரம்பித்தன. நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றில் ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தனித்தனி அடிகள் போய் ஒரே இழையாயிற்று. மற்ற என்ஜின்களில் புகை வெளியேறும் வழியில் ஒரு கதவு மெல்லத் திறந்து மெல்ல மூடும். இதில் கதவு இல்லை; முக்கோணத்தின் முனை வாயைத் தாண்டியதும் மொத்தமும் ஒரே அடியாக வெளியே வரும். அதனால்தான் இதன் சத்தத்துக்கு மேல்தோல் இல்லை, பச்சையாக இருக்கும். கை வந்தது. இரண்டு, கீழே. அவளுக்கு எதிரே மீட்டர் பதினொன்றரை என்றது. வேகத்தில் ஓடும்போது அதை நம்பலாம். பதினொன்றரை என்றால் சரியான அளவு, தொடத் தேவையில்லை. ஆனால் சற்று முன்பு அதை நம்பித்தானே தீ வந்தது. இரண்டு தட்டினாள். ஐந்தாயிரம். மூன்று, கீழே. தட்டினாள். கீழ்ப்படிவதில் ஒரு சுகம் இருந்தது, மரத்த தொடையின் சுகம் மாதிரி. எது சரி என்று அவள் பார்க்க வேண்டியதில்லை. கை காட்டுகிறது, விரல் தட்டுகிறது, நடுவில் ஆள் தேவையில்லை. உளுந்தைப் போட்டோம், ஞாபகம் வந்துவிட்டது, பச்சை மூடி போட்ட டப்பாவில். ஆறாயிரம். மீட்டர் பதினொன்றரை. அவள் அதைப் பார்த்தாள். ஐந்து புள்ளி குறைத்திருக்கிறாள், வேகம் இரண்டு மடங்காகியிருக்கிறது, இது ஏன் பதினொன்றரையிலேயே நிற்கிறது? பெட்ரோலில் ஊறி ஆயில் கரி படிந்து அதன் மூக்கு அடைத்துக்கொண்டது. நின்றுபோன மீட்டர். அப்படியென்றால் இப்போது இந்தக் கொட்டகையில் என்ஜினுக்குப் பெட்ரோல் போதுமா போதாதா என்று தெரிந்தவர்கள் யாரும் இல்லை. பயம் வர வேண்டும் என்று நினைத்தாள். வரவில்லை. வெறும் கணக்குப் போல அது எதிரே நின்றது: கை இருக்கிறது, மீட்டர் இருக்கிறது, இரண்டும் இல்லை. கண்ணாடியில் நாலு விரல் நீண்டது. அவள் இடது கையால் கவசத்தின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து விலக்கினாள். பதினெட்டு வருஷத்தில் ஓடுகிற வண்டிக்குள் அதை அவள் விலக்கியதில்லை. சத்தம் உள்ளே வந்தது. ஏழாயிரத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இழை மெலிந்திருந்தது. ஈரம் எங்கேயும் இல்லை. மேலே, மிக மேலே, கோடித் துணி. அது நீளமாக, நிற்காமல், விளிம்பு வரைக்கும் கிழிந்துகொண்டிருந்தது. உன் காது சொன்னால் போதுமா? நீ யார் இதைச் சொல்ல? டைப்ரைட்டிங் தெரிந்தவள் என்று உட்கார வைத்தார்கள், தட்டுகிறாய். கேட்பது உன் வேலையா? இன்னும் நாலு குறைத்தால் அந்தத் தீக்குச்சி. குறைக்காமல் பக்கத்து விசையைத் தட்டினாலும் ஏற்கெனவே ஐந்து குறைந்திருக்கிறது, இந்த நிமிஷமே உள்ளே காய்ந்துகொண்டிருக்கிறது. பிரேக்கைத் தொட்டால் சிவப்பு விளக்கு. அதற்குச் சரி என்றுதான் அர்த்தம். இல்லை என்பதற்கு அவளிடம் ஒன்றுமே இல்லை. கால் மிதியிலிருந்து எழுந்துவிட்டது. வலது கை ஜன்னலுக்கு வெளியே போய், கூரையைப் பார்த்து, முஷ்டியாக மூடி நின்றது. அது தன் கை என்பதைக் கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

உருளைகள் ஓய்ந்து நிற்க வெகுநேரமாயிற்று. கூரையில் எங்கோ தகரம் விரிந்து டிக்கென்றது.  திருமூர்த்தி குனிந்து சைலன்சர் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். நிமிர்ந்து, “டாக்டர், எதிர்க்க பேக்கரில மூணு டீ சொல்லிட்டு வாங்களேன். எனக்குச் சக்கரை கம்மி” என்றார். டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவர் ஜன்னலுக்கு வந்தார். “கரியே இல்ல. பெட்ரோல் பத்தாம வெளுத்துப் போய்க் கெடக்குது.”

“காஞ்சு போச்சுங்க சத்தம்.”

“எனக்கு அப்படி விழுகல.”

“தெரியுமுங்க.”

சொல்லியாயிற்று. அவள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னல் விளிம்பில் இரண்டு கையையும் வைத்தார், பொசுங்கின மயிரை உதறினார்.

“எத்தன நாளா?”

“மார்கழில இருந்துங்க.”

அவர் மனசுக்குள் எண்ணுவது உதட்டில் தெரிந்தது. “எனக்கு ஐப்பசில இருந்து” என்றார்.

ஐப்பசி. அந்தச் சொல் அவளுக்குள் போய் நின்ற இடத்தில் ஏற்கெனவே தீபாவளி இருந்தது. அதே மாதம். பதில் வராத அத்தனை நாளும் கோபத்தில் வராததில்லை. அவள் கேட்டது போய்ச் சேரவே இல்லை. இரண்டாம் தடவை அவள் கேட்கவும் இல்லை. அழ வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. கண் வறண்டுதான் இருந்தது.

“அப்பறம் எதுக்குங்க கை காட்டினீங்க?”

“நீ போடமாட்டீன்னு தெரியும். ஒவ்வொரு வண்டியும் நீ வேற என்னமோ தட்டறே, நான் தலையாட்டறேன். வண்டி நல்லாத்தானே போகுது.” கண்ணாடியை விரலால் தொட்டு, “நீ கண்ணாடியையே பாத்துட்டு உக்காந்திருக்கறே. நான் கைய மடக்கிட்டு நின்னா எங்க பாப்பே?” என்றார்.

“இன்னைக்கு மொதல்ல சொன்னது சரிங்களே. நான்தான் கெடுத்துட்டேன்.”

“அது காதில்ல. பெட்ரோல் நெடில மூக்கு எரிஞ்சுது, அதான். ஓட்டைய எண்ணறதுக்கு இன்னும் காது இருக்குது. மேல போனா இல்ல.” அவர் கதவைத் திறந்தார். “நீ இன்னைக்கு நான் சொன்னதையெல்லாம் போட்டுட்டே வந்திருக்கறே பாரு. அதான் புள்ள தப்பு. எறங்கு.”

இறங்க முடியவில்லை. இரண்டு தொடையும் அவளுடையதாக இல்லை. அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார். ரத்தம் திரும்பி ஓட ஆரம்பித்து ஆயிரம் ஊசி குத்திற்று. அவர் அந்தக் குறுகலான சீட்டுக்குள் தன் வயிற்றை இறக்கப் பார்த்தார், மூச்சைப் பிடித்து இரண்டு தவணையில் உள்ளே போனார். “பதினெட்டு வருஷமா இதுக்குள்ளயா இருந்தே?” என்றார். “ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு சீட்டுங்க.” “எதைத் தட்டணும்?” “எந்தக் கட்டம் மஞ்சளா மின்னுதோ, அது. மேல் அம்புக்குறி கூட்டறது. தட்டிட்டு விட்டுடணும், அமுத்திப் புடிக்கக்கூடாது. மொதல்ல நீங்க கொறைக்கச் சொன்ன அஞ்சையும் திருப்பிக் குடுங்க.” அவர் கண்ணைச் சுருக்கித் திரையில் மஞ்சளைத் தேடினார். அவள் பின்பக்கமாக நடந்தாள். “சாந்தா” என்று கூப்பிட்டு அவளுடைய காதுக்கவசத்தை ஜன்னல் வழியாக நீட்டினார். “மாட்டிக்க. மாட்டிட்டே கேளு. என்னையாட்ட வெறுங்காதோட நிக்காத.”

டாக்டர் மூன்று டீயை ஒரு கையிலேயே கோத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். சீட்டில் இருந்தவரையும் சைலன்சர் பக்கம் நின்றவளையும் பார்த்தார். “என்னங்க அண்ணா, ஆள் மாறிப் போச்சு?”

“ஒசந்த சத்தம் எனக்குக் காதுல விழறதில்லீங்க டாக்டர். ஆறேழு மாசமாச்சு.” ஆயில் அளவு சொல்கிற குரலில்தான் சொன்னார். “உங்க வண்டிக்கு அவதான் கேக்கணும்.”

டாக்டர் டீயைக் கீழே வைக்க மறந்து நின்றார். “போன மாசம் ஊட்டியில இருந்து எங்க பிரெண்டு சுந்தர் கொண்டாந்தானே, அந்த வண்டி?”

“எப்படிப் போகுது?”

“அது பிரமாதமாப் போகுது.”

“அதும் அவதான்.”

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார், என்னமோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் என்ஜின் பிடித்துக்கொண்டது. முதல் அடி அவள் முழங்காலில் வெந்நீர் போல வந்து மோதியது. இங்கே இவ்வளவு சூடாக இருக்கும் என்று அவர் சொன்னதே இல்லை. இங்கிருந்து பார்த்தால் ஓட்டுகிறவர் தெரியவில்லை, சீட்டின் முதுகு மறைத்தது. பக்கக் கண்ணாடியில் ஒரு ஜோடிக் கண் மட்டும் தெரிந்தது. மூவாயிரம், நாலாயிரம். ஐந்தையும் திருப்பிக் கொடுத்திருந்தார், குரலில் ஈரம் வந்திருந்தது, ஆனால் அடியில் மட்டும். மேலே ஓரத்தில் இன்னும் நூல் நூலாகப் பிரிந்துகொண்டிருந்தது. அவள் தலையைச் சாய்த்தாள். இன்னும் வேண்டும். ஒன்றா, இரண்டா? யாரையும் கேட்டுச் சொல்ல முடியாது. உள்ளங்கையை மேலே திருப்பி இரண்டு விரலை நீட்டினாள். அவள் முழங்காலுக்கு எதிரே சிவப்பாக ஒன்று எரிந்து அணைந்தது. வண்டியின் பின்விளக்கு. பார்த்தேன் என்கிறார். கண்ணாடியில் அந்தக் கண்கள் கீழே குனிந்தன. திரையில் கட்டத்தைத் தேடுகின்றன போல. நேரமாயிற்று. டாக்டர் டீ ஆறுகிறது என்று சைகை காட்டினார். அவர் தேடி முடிக்கும் வரைக்கும் அவள் கையை இறக்காமல் நின்றாள்.